சாம்பார் சாதத்துக்கு ஓரிகானோவா?

எங்க கம்பெனி கேன்டீன்ல புதுசா ஒரு போஸ்டர். 'உப்பைக் குறைப்போம், மூலிகையைக் கூட்டுவோம்.'

படிக்க நல்லாத்தான் இருக்கு. கைதட்டலாம்னு கிட்டப் போனேன்.

படத்துல இருக்கறது ரோஸ்மேரி. அதுக்குப் பக்கத்துல தைம். கீழ மேஜைக்கு மேஜை ஒரு கண்ணாடி டப்பா. மூடியில ஓட்டை, உள்ள காஞ்ச ஓரிகானோவும் மிளகாய் விதையும். அன்னைக்கு மெனு என்ன தெரியுமா? சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு பொரியல், அப்பளம்.

போட்டுப் பார்த்தேன். (ருசி பார்க்காம திட்டக் கூடாதுன்னு எனக்கு ஒரு கொள்கை உண்டு.) பெருங்காயமும் ஓரிகானோவும் ஒரே வாய்க்குள்ள நின்னு 'நீ யாரு, நீ யாரு'ன்னு கேட்டுக்குது. எதிர்ல உக்காந்திருந்த அக்கவுண்ட்ஸ் தம்பி ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "அக்கா, சீஸ் வருமா?"ன்னு கேட்டான்.

எரிச்சல் அதோட நிக்கல. ஸ்டோர் ரூமுக்குப் போய் டப்பாவுல கொட்டின பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். பின்னாடி பொடி எழுத்துல என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு போட்டிருந்தது. நம்ம ஊர் சட்டப்படி எது எடையில அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும், அப்புறம் இறங்கு வரிசையில வரும். ரெண்டாவது பேர் என்ன?

உப்பு.

உப்பைக் குறைக்க வாங்கின பொடியில ரெண்டாவது சரக்கே உப்பு! (எல்லா பாக்கெட்டும் இப்படி இல்லை. ஆனா 'சீசனிங்'னு பேர் வச்சு வர்ற எதையும் திருப்பிப் பார்க்காம வாங்காதீங்க. சாம்பார் பொடி, ரசப்பொடி பாக்கெட்லகூட சிலதுல உப்பு கலந்திருக்கும். அது தெரியாம நாம மேல வேற போடுவோம்.)

சரி, நாம எங்க இருக்கோம்? தாம்பரத்துல. சண்முகம் ரோடு மார்க்கெட்ல அரைக்கிலோ கத்திரிக்காய் வாங்கினாக்கூட கேக்காமலே ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறா வந்து விழும். சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-லேர்ந்து இருக்கு. ஊர் பூரா தூதுவளையும் கற்பூரவல்லியும் தொட்டியில வளருது. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில செடி விக்கறவங்ககிட்ட கேட்டா, ஓமவல்லி எப்படி நடணும்னு பாடமே எடுப்பாங்க. இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு மூலிகைன்னா ரோஸ்மேரிதான் ஞாபகம் வருதுன்னா, அந்தப் போஸ்டரை டிசைன் பண்ணவரு வீட்டுல என்ன சாப்பிடறாரு?

இப்படிக் கத்தினதுக்குப் பலன் உடனே கிடைச்சுது. "மேடம், நீங்களே கேன்டீன் கமிட்டியில சேர்ந்துடுங்களேன்"ன்னாங்க.

கேன்டீன் கமிட்டின்னா சும்மா பேருக்கு இல்லைங்க. 2025 வரைக்கும் நடைமுறையில இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 46-ஆவது பிரிவு இருந்துச்சு. 250 பேருக்கு மேல வேலை செய்யற இடத்துல கேன்டீன் நடத்தணும், அதோட நிர்வாகத்துல தொழிலாளிகளுக்கும் இடம் இருக்கணும்னு சட்டத்துலயே வழி வச்சிருந்தாங்க. 1984-ல மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்ததுக்கு அப்புறம் இந்தப் பக்கம் எத்தனை ஆயிரம் பேர் கேன்டீன் தட்டுல வளர்ந்திருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. அந்தச் சட்டத்தைப் போட்டவங்க நிச்சயமா ஓரிகானோவை நினைச்சுப் போடல.

கமிட்டியில நான் கேட்ட முதல் பொருள் தராசு.

சமையல் மாஸ்டர்கிட்ட, "மதியத்துக்கு உப்பு எவ்வளவு போடறீங்க மாஸ்டர்?"ன்னேன். "கைக்கணக்கு மேடம்"ன்னார். அவர் கையில பதினஞ்சு, இருபது வருஷ அனுபவம் இருக்கு, தப்பு சொல்ல முடியாது. ஆனா அந்தக் கை பழகினது கல் உப்புல. இப்ப கான்ட்ராக்டர் வாங்கித் தர்றது தூள் உப்பு. கல் உப்புல கல்லுக்குக் கல் சந்து இருக்கும், ஒரு கைப்பிடியில எடை கம்மியாத்தான் வரும். தூள் உப்பு நெருங்கி உக்காரும். அதே கை, அதே பிடி, உப்பு மட்டும் கூட. இதைச் சொன்னதும் மாஸ்டரே கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நிறுத்துப் பார்த்தோம். சாம்பார், ரசம், பொரியல், கூட்டு, மோர் எல்லாம் சேர்த்து 250 பேர் சாப்பாட்டுக்கு ஒன்னேகால் கிலோ பக்கம் வந்துச்சு. வகுத்துப் பாருங்க. ஆளுக்கு 5 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற அளவு, ஒரு நாள் முழுசுக்கும் சேர்த்து, 5 கிராமுக்குக் கீழ. தலை தட்டின ஒரு டீஸ்பூன். அதை நாங்க மதியம் ஒண்ணரை மணிக்குள்ள முடிச்சுடறோம்! காலையில சாப்பிட்ட இட்லி, சாயங்காலம் டீயோட பஜ்ஜி, ராத்திரி தோசை, மிளகாய்ப்பொடி எல்லாம் அந்தக் கணக்குல வரவே இல்லை. இதுல நாங்க மட்டும் விசேஷம் இல்லை. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை சென்னை ஆளுங்களைக் கேட்டு 2007-ல வெளியிட்ட ஆய்வுல சராசரி 8.5 கிராம். உலக சராசரி 11 கிராமை ஒட்டி நிக்குது.

இங்கதான் எனக்கு டப்பா மேல இருந்த கோபம் தெளிவாச்சு.

அமெரிக்காவுல 1983-லயே மிஸஸ் டாஷ்னு ஒரு பொடி கடைக்கு வந்துடுச்சு. உப்பே கிடையாது, வெறும் இலையும் மசாலாவும். அங்க அது எடுபட்டுது. ஏன்னா கோழியைச் சுட்டுத் தட்டுல வச்சு, மேல எதையாவது தூவிச் சாப்பிடற சாப்பாடு அது. உப்பு டப்பாவுக்குப் பதிலா இந்த டப்பா. கணக்கு நேர். நம்ம சாப்பாட்டுல உப்பு தட்டுல விழறதே இல்லையே! காலையில ஒம்போது மணிக்கு அண்டாவுக்குள்ள விழுந்து கரைஞ்சு போயிடுது. ஒண்ணரை மணிக்கு மேல நான் என்ன தூவினாலும் உள்ள போன உப்பு வெளிய வராது. (உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டா உப்பை இழுத்துக்கும்னு சொல்லுவாங்க. குழம்பை உறிஞ்சும், அதோட சேர்ந்த உப்பையும் உறிஞ்சும். மீதிக் குழம்பு அதே கரிப்புலதான் இருக்கும்.)

அதனால இலை அண்டாவுக்குள்ள போகணும். டப்பாவுல இருந்து பிரயோஜனம் இல்லை.

நடுவுல நிர்வாகத்துலேர்ந்து ஒருத்தர் புத்திசாலித்தனமா ஒரு யோசனை சொன்னார். "எதுக்கு இவ்வளவு கஷ்டம்? சோடியம் கம்மியான உப்புன்னு விக்குதே, அதை மாத்திட்டாப் போச்சு."

நல்ல பொருள்தான், நான் மறுக்கல. சோடியம் குளோரைடுல ஒரு பங்கை எடுத்துட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கறது. சீனாவுல 600 கிராமத்துல 20,000 பேருக்கு மேல வச்சுப் பண்ணின பெரிய ஆய்வு 2021-ல வந்துச்சு. அந்த உப்புக்கு மாறினவங்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைஞ்சிருக்கு. ஆனா சிறுநீரகம் பழுதானவங்களுக்குப் பொட்டாசியம் ரத்தத்துல தங்கிடும், அது இதயத்துக்கு ஆபத்து. 2025 ஜனவரியில உலக சுகாதார நிறுவனம் இந்த உப்பைப் பரிந்துரைச்சப்பவும் சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க, கர்ப்பிணிகள், குழந்தைகளை விலக்கித்தான் வச்சுது. ஓட்டல், கேன்டீன் சாப்பாட்டுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாதுன்னும் பிரிச்சுச் சொல்லிடுச்சு. வீட்டுல யாருக்கு என்ன வியாதின்னு நமக்குத் தெரியும். கேன்டீன் வரிசையில நிக்கற 250 பேர்ல யாருக்குக் கிட்னி பிரச்சனைன்னு மாஸ்டருக்கு எப்படித் தெரியும்?

"அப்ப இந்துப்பு?"ன்னார் அதே ஆள். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதாங்க. கலர் ரோஸ், விலை கூட, பலதுல அயோடினும் சேர்த்திருக்க மாட்டாங்க. பேச்சு அதோட முடிஞ்சுது.

ஆக மிச்சம் இருக்கறது இலை, புளிப்பு, தாளிப்பு. இனிமேதான் ஜாலியான பகுதி.

மாஸ்டர் சமையல்ல கறிவேப்பிலைக்குக் குறைச்சல் இல்லை. குறை எங்கன்னா, முழுசா மிதக்கும். எல்லாரும் எடுத்துத் தட்டு ஓரத்துல வைப்பாங்க. கை கழுவற இடத்துல இருக்கற கூடையைப் பார்த்தா ஒரு மரமே உதிர்ந்து கிடக்கும். காரியம் முடிஞ்சதும் ஆளைக் கழட்டி விடறதுக்கு நாம கறிவேப்பிலையைத்தானே உதாரணம் சொல்றோம்! கொசுறா வர்ற பொருளுக்கு அவ்வளவுதான் மரியாதை. "அரைச்சுடலாமா மாஸ்டர்?"ன்னேன். மிதக்கறது பாதி, அரைச்சது பாதின்னு ஒத்துக்கிட்டார் (மிதக்கலைன்னா சாம்பாரா அது, அவருக்கு மனசு கேக்கல).

அரைச்ச விழுதைச் சாம்பார் கொதிக்கறப்பவே கலந்தோம். கருகரு பச்சையா ஒண்ணு வந்துச்சு. வாசனை மட்டும் எங்க போச்சுன்னே தெரியல. அதுக்கப்புறம்தான் விஷயம் பிடிபட்டுது. இலையோட மணமெல்லாம் ஆவியாகிப் போற எண்ணெய்தான். மணிக்கணக்கா அண்டாவுல கொதிச்சா அது காத்துல போய், செக்யூரிட்டி ரூம்ல இருக்கறவர்தான் "இன்னைக்குச் சாம்பார் சூப்பர்"ன்னு சொல்லுவார். சாப்பிடறவனுக்குச் சூடான தண்ணி மிஞ்சும். வாய்ல எதுவும் படலைன்னா கை தானா உப்புக் கிண்ணத்துக்குப் போகும்.

நான் இதுல கண்டுபிடிச்சதுன்னு சொன்னா இது ஒண்ணுதான்: கேன்டீன் சாப்பாடு கரிக்கறதுக்குக் காரணம் மாஸ்டர் கை மட்டும் இல்லை, கடிகாரமும்தான். ஒம்போது மணிக்குத் தாளிச்சதை ஒரு மணிக்குப் பரிமாறினா, நடுவுல போன வாசனையை எல்லாம் உப்பை வச்சுத்தான் ஈடுகட்டணும்.

அதனால ரெண்டாம் தாளிப்பு. பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு சின்ன வாணலியில கொஞ்சம் நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம், பொடிப்பொடியா நறுக்கின கறிவேப்பிலை, நசுக்கின பூண்டு. பொரிஞ்சதும் அண்டாவுல கொட்டி உடனே மூடி. வரிசை ஆரம்பிக்கறப்ப திறக்கறது. பாதித் தாளிப்பு எண்ணெயை இதுக்கு மாத்திக்கிட்டோம், கூடுதலா செலவு இல்லை. கான்ட்ராக்டர் முகம் சுளிக்கல. அந்த வாரம் உப்பைப் பத்துல ஒரு பங்கு குறைச்சோம்.

யார்கிட்டயும் சொல்லல. அதுதான் முக்கியம். போஸ்டர் ஒட்டினா முதல் நாளே, சாப்பிடறதுக்கு முன்னாடியே 'உப்பு இல்லை'ன்னு புகார் வந்துடும்.

ரசத்துல இதைவிட நல்லா வேலை செஞ்சுது. கொத்தமல்லி வாங்கினா இலையைக் கிள்ளிட்டுத் தண்டைத் தூக்கிப் போடற பழக்கம் எல்லா சமையல்கட்டுலயும் உண்டு. வாசனை தண்டுலயும் இருக்கு. தண்டை மிளகு, சீரகம், பூண்டோட கொரகொரன்னு தட்டி, ரசம் நுரை கட்டி இறக்கற நேரத்துல போட்டோம். குப்பைக்குப் போக இருந்த சரக்கு, காசே இல்லை! அப்புறம் புளி. புளியைக் கூட்டினா உப்பும் காரமும் கூடவே கேக்கும். அதனால புளியைக் கொஞ்சம் இறக்கிட்டு, பரிமாறறப்ப எலுமிச்சம்பழம் பிழிஞ்சோம். உப்பு கால் பங்கு குறைஞ்சும் யாரும் மூச்சு விடல. ஒருத்தர் ரெண்டாவது டம்ளர் கேட்டார்.

கற்பூரவல்லி கதை வேற.

எங்க வீட்டு (சிட்லபாக்கம்) மொட்டைமாடித் தொட்டியில அது காடு. ஒரு பை நிறையப் பறிச்சுட்டுப் போய் "சட்னி பண்ணுங்க மாஸ்டர்"ன்னு கொடுத்தேன். தாராளமா அரைச்சுட்டார். அன்னைக்கு டைனிங் ஹால் முழுக்க ஆவி பிடிச்ச வாசனை. "இருமலே இல்லையே மேடம், எதுக்கு மருந்து?"ன்னு பேக்கிங் செக்‌ஷன்ல கேட்டாங்க. அந்த இலைக்கு அளவு ரொம்ப முக்கியம். இப்ப தேங்காய்த் துவையல்ல ஒரு கை புதினாவுக்கு நாலே இலை. அந்த அளவுல தொண்டைக்கு இதமா ஒரு காரம் கொடுக்குது, ஏது என்னன்னு யாருக்கும் தெரியறதில்லை.

மோர்தான் எனக்குப் பிடிச்ச ஐட்டம். நாரத்தை இலை இல்லைன்னா எலுமிச்சை இலையைக் கிழிச்சுக் கசக்கி நீர்மோர்ல போடற பழக்கம் பழைய வீடுகள்ல உண்டு. கூட இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை நசுக்கினது, துளி பெருங்காயம். உப்பு பாதியாச்சு. இலையை அரைச்சுக் கலந்தா கசக்கும், அதைச் செய்யாதீங்க. கசக்கி ஊற வச்சு எடுத்துடணும். (இது ஒண்ணுல மட்டும் தூக்கிப் போடறது சரி.)

மேஜையில டப்பா வைக்கணும்னு நிர்வாகம் பிடிவாதம் பிடிச்சதால அதுல ஓரிகானோவுக்குப் பதிலா கறிவேப்பிலைப் பொடி வச்சோம். கறிவேப்பிலையை நிழல்ல காய வச்சு, உளுந்து, மிளகு, சீரகம், பெருங்காயத்தோட வறுத்து அரைச்சது. உப்பில்லாம வெறும் சாதத்துல போட்டா மண்ணு. மேல ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டா அதே பொடி எழுந்து உக்காருது. பொடியோட வாசனை எண்ணெய்லதான் இறங்கும். அதனால பொடி டப்பா பக்கத்துலயே ஒரு எண்ணெய்க் கிண்ணம், குட்டிக் கரண்டியோட.

"எங்களுக்கு வேர்த்துக் கொட்டுதே மேடம், உப்பு வேணாமா?"ன்னு ஷாப் ஃப்ளோர்ல ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. மே மாசத்துல இந்த ஊர் எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியும். நான் சொன்னது: "அண்ணே, உப்பே இல்லாம யாரும் பண்ணல. வேண்டிய அளவுக்கு மேல போறதைத்தான் குறைக்கறோம். கடும் வெயில்ல மயக்கம் வந்தாலோ வயித்துப்போக்கு வந்தாலோ அதுக்கு ஓஆர்எஸ் ஃபர்ஸ்ட் எய்டுல இருக்கு." அவர் முழுசா ஒத்துக்கல. ஆனா மோர் வாங்கிக் குடிச்சார்.

நாக்கு பழகிடும்ங்கறது சும்மா சமாதானம் இல்லை. 1982-ல அமெரிக்காவுல சிலரை மாசக்கணக்கா உப்புக் கம்மியா சாப்பிட வச்சுப் பார்த்திருக்காங்க. கொஞ்ச நாள்ல அவங்களுக்கு சூப்பும் பிஸ்கட்டும் உப்பு கம்மியா இருந்தாத்தான் பிடிச்சுதாம். எங்க ஆளுங்க அந்த நிலைமைக்கு இன்னும் வரல. உப்புக் கிண்ணத்தை மேஜையிலேர்ந்து எடுத்த அன்னைக்கு ஒருத்தர் வீட்டுலேர்ந்து பேப்பர்ல மடிச்சுக் கொண்டு வந்து பக்கத்து மேஜைக்கெல்லாம் விநியோகம் பண்ணார். (உப்பு சத்தியாகிரகத்துக்கு வேதாரண்யம் வரைக்கும் போகணும்னு இல்லை போல.) கிண்ணத்தைத் திரும்ப வச்சுட்டோம். மேஜையில இல்லை, பரிமாறற இடத்துக்கு அந்தப் பக்கம். எழுந்து போய் எடுக்கணும். நம்ம ஆளுங்களோட சோம்பேறித்தனத்துக்கு நான் நன்றி சொல்லணும்.

போன வாரம் திரும்பவும் நிறுத்தோம். ஒன்னேகால் கிலோ இப்ப ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழ. இதுக்கு மேல சாம்பார், ரசத்துல கை வச்சா மாஸ்டர் வேலையை விட்டுடுவார்.

அடுத்தது அப்பளமும் ஊறுகாயும். அப்பளத்துல உப்பு மட்டும் இல்லை, அப்பளக்காரம்னு போடறாங்களே அதுவும் சோடியம்தான். பஜ்ஜி மாவுல போடற சோடா உப்புலகூட கால் பங்குக்கு மேல சோடியம். ஊறுகாயைப் பத்திச் சொல்லவே வேணாம், அது கெடாம இருக்கறதே உப்பாலதான். வாரத்துல ரெண்டு நாள் அப்பளத்துக்குப் பதிலா வெள்ளரிக்காய்ப் பச்சடி, ஊறுகாய்க்குப் பதிலா அன்னன்னைக்கு அரைச்ச புதினாத் துவையல்னு கமிட்டியில தீர்மானம் கொண்டு வந்தேன்.

துவையல் ஏகமனதா பாஸ். அப்பளம் தோத்துப் போச்சு, எனக்கு விழுந்தது என் ஓட்டு மட்டும். மாஸ்டர்கூட கை தூக்கல. கேட்டா, "மேடம், அப்பளம் இல்லாத சாப்பாட்டை நான் பரிமாற மாட்டேன், நீங்க வேணா அதுல கறிவேப்பிலை போட்டு இடற ஆள் இருந்தா பாருங்க"ன்னுட்டார்.

உப்பு கம்மியா அப்பளம் இடறவங்க தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் யாராவது உங்களுக்குத் தெரியுமா? தினம் 250 அப்பளம், ஆர்டர் கையில இருக்கு.